ஆராய்ச்சி மாணவராக அண்ணல் அம்பேத்கர்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் வந்ததும் நாம் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் திருவுருவத்திற்கு மாலை அணிவிக்கிறோம், ஊர்வலம் செல்கிறோம். மேடையேறுவோர் அவர் பெற்ற பட்டங்களை வரிசையாக அடுக்கிச் சொல்ல, கேட்டுக் கையொலி எழுப்புகிறோம். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் அப்பட்டங்கள் எவ்வாறு பெறப்பட்டன, இடையில் எத்தனை முறை படிப்பு தடைப்பட்டது, தடைப்பட்ட இடத்திலிருந்து அவர் எவ்வாறு மீண்டும் தொடங்கினார் என்பதை எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு.

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அக்குறையை ஓரளவேனும் போக்க எண்ணியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்விற்குச் சேர்ந்தார். தாயார் பீடி சுற்றிப் படிக்கவைத்த பிள்ளை அவர். நான்காம் ஆண்டில் படிப்பை விட்டு ஊர் திரும்பிவிட்டார். எழுதிக் கொடுத்த இயலை நெறியாளர் இருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், உதவித்தொகை உரிய காலத்தில் வரவில்லை என்றும், வீட்டில் வேலைக்குப் போகச் சொல்வதாகவும் கூறினார். அவர் கொண்டுவந்த குறிப்பேடுகள் ஒரு தகரப் பெட்டியில் பரண்மேல் ஏறின.

அன்று அவருக்குச் சொல்லத்தக்க சொல் ஒன்றும் நம்மிடம் இல்லை. பி.ஏ., பி.எட். முடித்து ஆசிரியப் பணி ஏற்ற நாம் ஆராய்ச்சிப் படிப்பின் வாயிலை மிதித்ததில்லை. கிடைக்கிற வேலையைப் பற்றிக்கொள் என்று கூறி அனுப்பிவிட்டோம். பின்னர் அண்ணலின் மாணவப் பருவத்தை ஆண்டுவாரியாக எடுத்து வைத்துப் படித்தபோதுதான், அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவை யாவும் அதில் அடங்கியிருப்பதைக் கண்டோம். அவற்றை இப்போது எழுதுகிறோம்.

இளமைப் பருவம்

அண்ணல் பிறந்தது 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள். பிறந்த இடம் மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்னும் இராணுவ முகாம். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார் பதவி வகித்தவர்; இராணுவப் பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றியவர். பெற்றோர்க்குப் பதினான்காவது மகவாகப் பிறந்த அண்ணல், சிறு வயதிலேயே தாயார் பீமாபாயை இழந்தார். தாழ்த்தப்பட்ட மகர் வகுப்பிற் பிறந்த காரணத்தால் சதாராவில் பள்ளியில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டதும், தாமே எடுத்துத் தண்ணீர் குடிக்க இயலாதிருந்ததும் நம் இளைஞர்கள் நன்கறிந்த செய்திகள். ஆகலின் அவற்றை ஈண்டு விரித்துரைக்கவில்லை.

நாம் சொல்ல விரும்புவது பம்பாயில் பரேல் பகுதியில் அக்குடும்பம் வாழ்ந்த ஓர் அறையைப் பற்றியே. சமையல், படுக்கை, படிப்பு அனைத்தும் அந்த ஓர் அறையில்தான். இரவில் மகனை முதலில் உறங்கச் செய்துவிட்டுத் தந்தையார் விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு அதன்பின் தாம் படுப்பார். மகன் கேட்ட நூல்களை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகளிரிடம் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்து நூல் வாங்கித் தந்தார். பின்னாளில் அண்ணல் எழுதிய பெருநூல்களுக்கெல்லாம் முதல் முதலீடு அந்த அடகு நகையே என்றால் மிகையாகாது.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயில்வதற்குப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். பி.ஏ. பட்டம் பெற்று 1913 ஜனவரியில் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்ற சில நாட்களிலேயே தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டில் பரோடா மன்னரின் உதவியால் அமெரிக்கா சென்று பயிலும் வாய்ப்பு அண்ணலுக்குக் கிட்டியது. உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன், காலம் மூன்றாண்டு. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நியூயார்க்கில் மூன்று ஆண்டுகள்

1913 ஜூலையில் நியூயார்க் சென்று சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 22. அந்நகரில் அவரைத் தொட்டால் தீட்டு என்பார் ஒருவருமில்லை. புதிய உரிமையின் மகிழ்ச்சியில் சில நாட்கள் கழிந்தன. மூன்றாண்டு காலம் முடிந்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்பதை விரைவில் உணர்ந்தார். அதன்பின் அவருடைய நாட்கள் நூலகத்திற்கே உரியனவாயின.

அங்கே அவர் பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 எனப் பாடங்களைக் கற்றார். பிரெஞ்சு, செருமானிய மொழிகளிலும் தொடக்கப் பாடம் படித்தார். இவற்றைப் பார்க்கும்போது பரந்து படித்தார் என்று தோன்றும். ஆனால் எழுதியவற்றைப் பார்த்தால் வேறொன்று விளங்கும். 1915 மே மாதத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதியையும் பற்றிய ஆய்வை எழுதினார், அவ்வாண்டே எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 ஜூனில் இந்தியாவின் தேசிய வருவாயைப் பற்றிய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தார். பின்னர் இலண்டனில் எழுதியது பிரிட்டிஷ் இந்தியாவின் அரசு நிதி மாகாணங்களுக்குப் பகிரப்பட்டதைப் பற்றி. அதன்பின் எழுதியது ரூபாயைப் பற்றி. பணம் எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, அதனைக் கணக்குக் கேட்பவர் யார் என்னும் ஒரே வினாவின் வெவ்வேறு பகுதிகளே இவை அனைத்தும். பரந்து படித்த அவர் ஒரே நிலத்தையே ஆழ உழுதார். ஓர் ஆய்வுக்காகத் திரட்டிய குறிப்பு அடுத்த ஆய்வுக்கு உரமாயிற்று. நிதியியலில் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர் செலிக்மன் அவருக்கு ஆசானாக வாய்த்ததும் இதற்குத் துணை நின்றது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 1916 மே 9ஆம் நாள், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கி வளர்ந்த முறை குறித்து அண்ணல் ஒரு கட்டுரை படித்தார். சாதி என்பது கதவடைத்துக் கொண்ட ஒரு வகுப்பு; தன் குழுவிற்குள்ளேயே மணம் புரியும் வழக்கமே அக்கதவின் தாழ்ப்பாள் என்பது அதன் சாரம். கணவனை இழந்த பெண்ணை உடன்கட்டை ஏற்றுவதும், விதவையாகவே வைத்திருப்பதும், சிறுமியரை மணமுடிப்பதும் அத்தாழ்ப்பாளைக் காக்க ஏற்பட்ட வழிகளே என்று அதில் விளக்கினார். கருத்தரங்கில் படித்ததோடு அக்கட்டுரையை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. 1917இல் அது 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆராய்ச்சி இதழில் அச்சேறியது. அக்கட்டுரையைப் படித்தபோது அவருக்கு வயது 25 என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்க.

கடலில் மூழ்கிய நூல்கள்

1916இல் அண்ணல் இலண்டன் சென்றார். இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு மாணவராகவும், கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் படிப்பிற்கும் சேர்ந்தார். ஓராண்டு நிறையுமுன் உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடாவிலிருந்து திரும்பி வருமாறு அழைப்பு வந்தது. படிப்பு பாதியில் நின்றது.

இந்நிலையில் பலர் மனமுடைந்து புறப்பட்டு விடுவர். அண்ணல் புறப்படுமுன் ஒரு காரியம் செய்தார். நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டார். அந்த ஒரு தாள் இல்லையேல் அவருடைய பிற்காலப் பட்டங்கள் இல்லை.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய நூல்களையும் உடைமைகளையும் ஏற்றி வந்த கப்பல் 1917 ஜூலையில் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. வேறு கப்பலில் வந்த அவர் உயிருடன் பம்பாய் சேர்ந்தார். அரைப்பட்டினி கிடந்து வாங்கிச் சேர்த்த நூல்கள் கடலுக்கடியில் போயின. இழப்பீடாகக் கிடைத்த 600 ரூபாயைக் கொண்டே குடும்பச் செலவையும் பரோடா பயணத்தையும் சமாளித்தார்.

பரோடாவில் நேர்ந்ததை நாடறியும். அமெரிக்காவில் படித்து வந்த அதிகாரியின் மேசைமீது கடைநிலை ஊழியர் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தனர். தங்க இடம் கொடுப்பார் இல்லை. பார்சிகளின் விடுதியொன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடியுடன் வந்த கூட்டம் வெளியேற்றியது. பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்துவிட்டுப் பம்பாய் திரும்பினார்.

பம்பாயில் இரு மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார். அவர் இன்ன சாதியார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவதை நிறுத்தினர். கையில் வேலை இல்லை. கடலில் போன நூல்கள் இல்லை. முடிக்காத படிப்பு ஒன்று கடல்கடந்து கிடந்தது. அவ்வாறான 1918ஆம் ஆண்டில் அவர் செய்தது என்ன? இந்தியாவில் நிலங்கள் துண்டு துண்டாகிக் கிடப்பது குறித்தும் அதற்கான தீர்வு குறித்தும் ஆய்வுக் கட்டுரை எழுதி இந்தியப் பொருளாதாரக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அதே இதழில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் நூல் ஒன்றுக்கு மதிப்புரையும் எழுதினார். நிலம் சிறிதாக இருப்பதே நோயன்று. உழவுக் கருவியும் முதலும் போதாமையும், நிலத்தையே நம்பிக் கிடப்போர் தொகை மிகுந்திருப்பதுமே நோய். தொழில்கள் பெருகினால் நிலத்தின் சுமை குறையும் என்பது அவர் கண்ட முடிவு. மழையை நம்பிய மானாவாரிக் காட்டில் கூலிக்குச் செல்லும் ஆலங்குளம் வட்டார மக்கள் இதனை விளக்கம் இன்றியே புரிந்துகொள்வர்.

பேராசிரியர் வேலையும் சேமிப்பும்

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. பேராசிரியர்க்கென வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது எனச் சில உடன் பேராசிரியர்கள் தடுத்தனர். ஆனால் அவருடைய வகுப்பைக் கேட்க வேற்றுக் கல்லூரி மாணவரும் வந்தனர்.

அச்சம்பளத்தைக் கொண்டு வசதியான வீட்டிற்குக் குடிபெயர்ந்திருக்கலாம். அவரோ பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் இரண்டு அறைகளிலேயே தங்கினார். இல்லச் செலவிற்கு ஒரு சிறு தொகையை மனைவியார் இரமாபாயிடம் கொடுத்துவிட்டு எஞ்சியதைச் சேமித்தார். இலண்டன் செல்ல நான்காண்டு கெடு ஓடிக்கொண்டிருந்தது. சேமித்த பணம் அந்தக் கெடுவிற்கானது.

இந்த இடத்தில் இரமாபாய் அம்மையாரை நாம் வணங்க வேண்டும். கணவர் கடல்கடந்து படித்த காலமெல்லாம் வறுமையில் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். பெற்ற பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவரைத் தவிர மற்றவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். நம் வட்டாரத்தில் இரவு விளக்கொளியில் பீடித் தட்டை மடியில் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மாரைக் காணும்போது நமக்கு அம்மையாரின் நினைவு வருகிறது.

இக்காலத்திலும் அண்ணல் பொதுப்பணியை மறந்தாரில்லை. 1919 ஜனவரியில் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின்முன் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகச் சான்றுரைத்தார். 1920 ஜனவரி 31ஆம் நாள், கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜின் உதவியுடன் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஆனால் கெடு நெருங்கியதும், இதழைப் பிறர் கையில் ஒப்படைத்து, பேராசிரியர் பதவியை விட்டுப் படிக்கப் புறப்பட்டார். பொதுப்பணியைக் காட்டிப் படிப்பைத் தள்ளிப்போடும் பழக்கம் அவரிடம் இல்லை.

மீண்டும் இலண்டன்

1920 ஜூலையில் அவர் கப்பலேறியபோது கையில் இருந்தவை சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் மன்னரின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் 5,000 ரூபாய் ஆகியவையே. பதேனா பார்சி இனத்தவர். நியூயார்க்கில் மாணவர் விடுதியில் அண்ணலோடு தங்கியவர். அந்த நட்பு ஆண்டுகள் கடந்தும் கைகொடுத்தது.

இலண்டனில் அவர் வாழ்ந்த முறை ஒரு தவம் போன்றது. பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே செல்வார். மூடும்போது வெளியே வருவார். இந்தியா ஆபீஸ் நூலகத்திலும் பொருளாதாரப் பள்ளி நூலகத்திலும் பழைய அரசு ஆவணங்களை ஏடு ஏடாகப் புரட்டிக் குறிப்பெடுத்தார். பகலுணவு பெரும்பாலும் இல்லை. இரவில் சிற்றுண்டி உண்டபின் மீண்டும் படிப்பு. உணவுக்கும் வண்டிக்கும் ஆகும் செலவைச் சுருக்கி அதனை நாட்களாக மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு பவுனும் இலண்டனில் இன்னும் சில நாட்கள் தங்க உதவும் அல்லவா?

பயன் விரைவில் தெரிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் பேரரசின் நிதியை மாகாணங்களுக்குப் பகிர்ந்தது குறித்த ஆய்வுக்கு 1921 ஜூனில் எம்.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. 1922இல் பாரிஸ்டர் ஆனார். அவ்வாண்டு அக்டோபரில் ரூபாயின் பிரச்சினையைப் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்ஸி. பட்டத்திற்கு ஒப்படைத்தார்.

திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேடு

இப்போது நாம் இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். 1923 மார்ச்சில் அந்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்க மறுத்தனர். திருத்தி எழுதித் தருமாறு கூறித் திருப்பி அனுப்பினர். ஆம், இளைஞர்களே, அண்ணல் அம்பேத்கரின் ஆய்வேடும் திருப்பி அனுப்பப்பட்டது.

அதில் அவர் சொன்னது என்ன? அக்காலத்தில் இந்திய ரூபாய் தங்க மாற்று முறை என்னும் ஏற்பாட்டில் நடந்தது. ரூபாய்க்கு இத்தனை பென்ஸ் என்று ஸ்டெர்லிங் மதிப்பைக் காத்து நின்றால் போதும் என்பது அம்முறை. பெரும் பொருளியல் அறிஞரான கெய்ன்ஸ் 1913இல் எழுதிய நூலில் அதனை ஆதரித்திருந்தார். அண்ணல் அதனை மறுத்தார். ரூபாய்க்குள்ள உண்மையான மதிப்பு அது சந்தையில் வாங்கும் அரிசியிலும் துணியிலும் இருக்கிறது. வேண்டியபோது வேண்டிய அளவு நாணயம் வெளியிடும் உரிமை ஆட்சியாளர் கையில் இருந்தால் விலைவாசி ஏறும். விலைவாசி ஏறினால் கூலி வாங்கும் ஏழையே முதலில் அடிபடுவான். ஆகவே வெளியீட்டுக்கு ஒரு வரம்பு கட்டவேண்டும் என்பது அவர் வாதம். ஆட்சியின் கொள்கையைச் சாடிய கடுமையே தேர்வாளர்களுக்கு ஒவ்வாமல் போயிற்று என்பர்.

கையில் பணம் தீர்ந்துவிட்டது. இலண்டனில் இருந்து திருத்த வழியில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். ஆய்வேட்டைப் பரண்மேல் ஏற்றவில்லை. அவருடைய முடிவுகள் மாறவில்லை. முடிவைச் சொன்ன முறையில் மட்டும் திருத்தம் செய்து, ஆகஸ்டில் மீண்டும் அனுப்பினார். இடையில் சென்றவை ஐந்து மாதங்களே. அந்த ஐந்து மாதத்திற்குள் கடற்பயணமும் வழக்கறிஞர் தொழில் தொடங்கும் ஏற்பாடுகளும் அடங்கும். நவம்பரில் ஆய்வேடு ஏற்கப்பட்டது. டிசம்பரில் இலண்டன் பி.எஸ். கிங் நிறுவனம் அதனை நூலாக வெளியிட்டது. நெறியாளர் எட்வின் கேனன் முன்னுரை வழங்கினார். சில கருத்துகளில் தமக்கு உடன்பாடில்லை என்பதை அம்முன்னுரையிலேயே தெரிவித்தார். மாணவன் ஆசானோடு முரண்பட்டே பட்டம் பெறலாம் என்பதற்கு அந்நூலே சான்று. அதனைத் தம் தாய் தந்தையரின் நினைவுக்கு அண்ணல் காணிக்கையாக்கினார். பரேல் அறையில் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்த தந்தைக்கு அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறென்ன வேண்டும்?

பதினான்கு ஆண்டுப் பட்டம்

கொலம்பியாவில் 1916இல் ஆய்வேடு கொடுத்தவர் பி.எச்டி. பட்டத்தை முறைப்படி பெற்றது 1927இல்தான். ஆய்வு நூலாக அச்சிடப்பட்டுப் பல்கலைக்கழகத்திற்குப் படிகள் தரப்பட வேண்டும் என்பது அங்கு விதி. 1925இல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய நூல் வெளிவந்தது. 1833இல் நிதியாட்சி முழுதும் மத்தியில் குவிந்ததிலிருந்து தொடங்கி, 1871 முதல் மாகாணங்களுக்கு ஒதுக்கீடாகப் பணம் அளித்த காலம், 1877 முதல் சில வருவாய்களையே ஒப்படைத்த காலம், 1882 முதல் வருவாயைப் பங்கிட்டுக் கொண்ட காலம் எனப் படிப்படியாக அது விளக்குகிறது. மத்திய அரசும் மாநில அரசும் வரிப்பணத்தைப் பகிர்வது பற்றி இன்றும் நடக்கும் வாதங்களைப் புரிந்துகொள்ள அந்நூல் துணைபுரியும். பேராசிரியர் செலிக்மன் முன்னுரை எழுதினார். பரோடா மன்னருக்கு அந்நூலைக் காணிக்கையாக்கினார் அண்ணல்.

1913இல் நியூயார்க்கில் கால் வைத்தவர்க்கு அந்தப் பட்டம் கைக்கு வர 14 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் மகத் நகரில் சவுதார் குளத்துத் தண்ணீரைத் தம் மக்களோடு பருகிய தலைவராகிவிட்டார்.

1925 டிசம்பரில் இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த ஹில்டன் யங் குழுவின்முன் அண்ணல் சான்றளித்தார். மத்திய வங்கி ஒன்று வேண்டும் என்று அக்குழு 1926இல் பரிந்துரைத்தது. 1935இல் ரிசர்வ் வங்கி தோன்றியது. ரிசர்வ் வங்கியை அண்ணல் ஒருவரே உருவாக்கினார் என்று மேடைகளில் சொல்வோர் உண்டு. அவ்வாறு மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆவணம் உள்ள அளவுக்கே பேசுவதுதான் ஆராய்ச்சியாளராகிய அவருக்கு நாம் செய்யும் மரியாதை. 32 வயதில் எழுதிய நூலின் வலிமையால் நாட்டின் நாணயக் கொள்கையைப் பற்றிப் பேசும் தகுதி பெற்றார் என்னும் உண்மையே போதிய பெருமை தருவது.

இளைஞர்கள் கற்க வேண்டியவை

இன்று நம் இளைஞர்க்கு வாய்ப்புகள் அன்றைக்கினும் கூடியுள்ளன. 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நாம் திருநெல்வேலி செல்லும் சாலையிலேயே இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கெனத் தனி ஆய்வு உதவித்தொகையும், அயல்நாட்டில் பயிலும் உதவித்தொகையும் உள்ளன. எனினும் சேர்வோர் அனைவரும் முடிப்பதில்லை. அவர்களுக்கு அண்ணலின் வாழ்விலிருந்து ஐந்து செய்திகளை எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

முதலாவது, உதவித்தொகை எத்தனை மாதம் என்று சேர்ந்த அன்றே எண்ணிக்கொள்க. எதிர்பாராத தாமதத்திற்குச் சில மாதங்களை ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிடுக.

இரண்டாவது, ஒரு வினாவைப் பிடித்துக்கொள்க. எம்.ஏ.யில் ஒன்று, முனைவர் பட்டத்தில் தொடர்பற்ற மற்றொன்று என்று தாவினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.

மூன்றாவது, படிக்கும்போதே எழுதுக. கருத்தரங்கில் படித்த கட்டுரையைத் திருத்தி நல்ல இதழுக்கு அனுப்புக. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இன்று மலிந்துள்ளன. அவற்றில் பத்து வருவதைவிடத் தகுதியான இதழில் ஒன்று வருவது மேல்.

நான்காவது, திருப்பி அனுப்பப்பட்டதை அவமானமாகக் கொள்ளாதீர்கள். எது சொல்முறையின் குறை, எது கருத்தின் குறை என்று பிரித்துப் பாருங்கள். முன்னதை உடனே திருத்துங்கள். பின்னதற்குச் சான்று தேடுங்கள். சாதியின் காரணமாகவே ஒருவர் மறுக்கிறார் என்று தெரிந்தால், அதனை முறையீடு செய்ய வழிகள் உண்டு. அதற்காகவும் உங்கள் எழுத்து உங்கள் கையில் முழுமையாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, படிப்பை இடையில் நிறுத்தியே தீரவேண்டிய நிலை வந்தால், திரும்பி வரும் உரிமையை எழுத்தில் பெற்றுக்கொண்டு நிறுத்துங்கள். விடுப்பு, காலநீட்டிப்பு, மறுபதிவு ஆகியவற்றுக்கான விதிகளைக் கேட்டறிய வெட்கப்படாதீர்கள்.

சங்கத்தின் கடமை

அண்ணலின் உழைப்பு ஒப்பற்றது. ஆயினும் அவர் தனியே நின்று படித்தார் என்று எண்ணுவது பிழை. மன்னர் இருவர், கடன் கொடுத்த நண்பர் ஒருவர், நகையைக் கழற்றித் தந்த உடன்பிறந்தவர், பசியைத் தாங்கிய மனைவி ஆகிய அனைவரும் அவர் பின்னால் நின்றனர். இதனை அவர் மறக்கவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். தமக்கு மன்னர்கள் செய்ததை ஏழை மாணவர்க்கு ஒரு நிறுவனம் செய்யவேண்டும் என்பதே அம்முயற்சியின் பொருள். 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியின் ஒரு சிறு கிளையே நம் சங்கமும்.

இந்த 25 ஆண்டுகளில் நம் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்க்கும் செய்த உதவியை இம்மலரின் பிற பக்கங்கள் கூறும். ஆனால் ஆராய்ச்சி மாணவர் என்றால் நம் உறுப்பினர் பலர், இன்னும் எத்தனை நாள் படிப்பாய் என்று கேட்பதையே வழக்கமாகக் கொண்டுள்ளனர். நாமும் அவ்வாறு கேட்டவர்தாம். இனி அதனை மாற்றிக்கொள்வோம். சங்கக் கட்டடத்தில் ஓர் அறையில் ஒரு மேசையும் நாற்காலியும் இட்டு, இரவு பத்து மணி வரை விளக்கெரியச் செய்வோம். மாதம் ஒருமுறை ஆய்வு மாணவர்கள் தாம் எழுதிய சில பக்கங்களை அங்கே படிக்கட்டும். பொருள் முழுதும் புரியாவிடினும் நாம் அமர்ந்து கேட்போம். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் திருப்பித் தரும் கடனாக ஒரு சிறு தொகை வழங்க ஆட்சிக்குழு முன்வர வேண்டும். பதேனா கொடுத்ததும் கடன்தான்.

தொடக்கத்தில் கூறிய மாணவர் இப்போது வேறொரு பணியில் இருக்கிறார். அவருடைய தகரப்பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. சென்ற மாதம் அவருடைய தாயாரைச் சந்தித்தபோது, பெட்டியைக் கரையான் அண்டாமல் ஆண்டுக்கு இருமுறை இறக்கித் துடைத்து வைப்பதாகச் சொன்னார். படிக்கத் தெரியாத அந்த அம்மையாருக்கு அதன் மதிப்புத் தெரிந்திருக்கிறது. இக்கட்டுரை அவர் மகன் கண்ணிற்படுமானால், பெட்டியை இறக்கித் திறக்குமாறு வேண்டுகிறோம். மறுபதிவுக்கான விதிகளைக் கேட்டறிய அவருடன் பல்கலைக்கழகத்திற்கு வர நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!